சுரங்கப்பாதைத் தண்ணீர் எந்த அரசைச் சேர்ந்தது?

எங்கள் ஊர்ச் சுரங்கப்பாதைக்குப் பொறுப்பான, அல்லது பொறுப்பில்லாத, ரயில்வே அதிகாரிகளுக்கும் மாநில அரசு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். மதுரை–போடி அகலப்பாதை வேலையின்போது எங்கள் ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை அமைத்தீர்கள். 2022 மே மாதம் தேனி வரை ரயில் ஓடியது, மகிழ்ந்தோம். அந்த ஐப்பசியிலேயே சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நிரம்பியது. பிறகு ஆண்டுதோறும் நிரம்புகிறது. மனுக்கள் உங்கள் இரு தரப்பிடமும் இருக்கின்றன. ஆகவே சென்ற வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் மல்லிகைச் செடி கொஞ்சமாகத்தான் மொட்டு வைக்கும். அதனாலேயே விலை நிற்கும். கோடையில் பறிகூலிக்கே கட்டாத பூ, இப்போதுதான் கடனை அடைக்கும். இருட்டில் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் பறிக்கும் மொட்டு, விடியும்போது மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் இருக்க வேண்டும். சென்ற வாரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். வேன் அந்தப் பக்கம், பூ இந்தப் பக்கம். வேறு வழியில்லாமல் மூட்டைகளைத் தலையில் வைத்துத் தண்டவாளத்தைக் கடந்தோம். ரயில்வே ஊழியர் ஒருவர் நிறுத்தி, ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம் என்று எச்சரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரயில் வரும் பாதை அது. ஆனால் கீழே போனால் தண்ணீர், மேலே போனால் சட்டம். பாதி மூட்டைகள் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தபோது வெளியூர் வியாபாரிகள் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

தண்ணீரை இறைக்கச் சொல்லிக் கேட்டோம். பாலம் எங்களுடையது, அதற்குள் போகும் சாலை ஊராட்சியுடையது என்றது ரயில்வே தரப்பு. ரயில்வே இடத்தில் நாங்கள் எப்படி மோட்டார் வைப்பது என்றது ஊராட்சித் தரப்பு. இரண்டு பதில்களும் மிகுந்த மரியாதையோடு கிடைத்தன. கடைசியில் டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்து நாங்களே இறைத்தோம்.

எந்த அதிகாரம் ஒன்றியத்துக்கு, எது மாநிலத்துக்கு, எது இருவருக்கும் பொது என்று பிரித்துச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ரயில்வே, ஒன்றியப் பட்டியலில் 22-ஆம் இனம். உள்ளாட்சி, மாநிலப் பட்டியலில் 5, சாலை 13, தண்ணீரும் வடிகாலும் 17. ஆக, எங்கள் மழை மாநிலப் பட்டியலில் பெய்து ஒன்றியப் பட்டியலில் தேங்குகிறது. நிலமெடுப்பு மட்டும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நிலம் எடுக்க வேண்டுமென்றால் மட்டும் இருவரும் சேர்ந்தே வருகிறீர்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரை இறைப்பது யார் வேலை என்று எழுதிக் கொடுங்கள்.

அதிகாரம் என்றால் இப்படித் தயங்குவதில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல், 42-ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. இன்றுவரை அவை திரும்பவில்லை. 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளியே தெரிந்தபோது, மாநிலம் முன்பே ஆட்சேபிக்கவில்லை என்று ஒரு தரப்பும், ஆட்சேபித்தோம் என்று மறுதரப்பும் அறிக்கை விட்டன. மக்கள் மதுரைக்குத் திரண்டு நடந்து வந்த பிறகுதான் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நாங்களும் நடக்க வேண்டுமா? நடக்கலாம், முதலில் தண்ணீர் வடியட்டும்.

அதிகாரம் பிரிந்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. மாநிலங்களுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும் என்று 1971-இல் தமிழ்நாடு அரசு அமைத்த ராஜமன்னார் குழு எழுதியதை ஒப்புக்கொள்கிறவன்தான். ஆனால் உரிமை கேட்கும் மாநில அரசு, 17-ஆம் இனத்தில் வடிகால் இருப்பதையும் தன் உரிமையாகவே கருதலாமே. தன் இடத்தில் கால் வைத்தவருக்கு 147-ஆம் பிரிவைக் காட்டும் ரயில்வே, அதே இடத்தில் தேங்கும் தண்ணீரையும் தன்னுடையது என்று ஏற்கலாமே.

ஒருவர் வேலையை மற்றவரிடம் ஒப்படைக்கவும் அரசமைப்பில் வழி உண்டு. ஒன்றியம் மாநிலத்திடம் ஒப்படைக்கப் பிரிவு 258, மாநிலம் ஒன்றியத்திடம் ஒப்படைக்க 258ஏ. ஒரு மோட்டாருக்காகக் குடியரசுத் தலைவர் வரை போக வேண்டாம். கேட்டை மூடியபோது போட்ட கோப்பைத் தேடி எடுங்கள். அதில் பராமரிப்பு யாருக்கு என்று எழுதியிருந்தால் அந்த வரியை எங்களுக்குக் காட்டுங்கள். எழுதவில்லை என்றால், தயவுசெய்து ஒருநாள் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மழைக்கு முன் மோட்டார் வைத்து, பொறுப்பான அலுவலகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகை ஒன்றைச் சுரங்கப்பாதை வாசலில் நட்டுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ரயில்வே வழக்கப்படி பலகையில் இந்தியும் இருந்தால் இந்த ஒரு முறை நான் ஆட்சேபிக்க மாட்டேன். அந்த எண்ணில் யாராவது எடுத்துப் பேசினால் போதும்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டாரத்து மல்லிகை விவசாயி ஒருவர்