எழுத்துக்கூட்டி வாசிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்துக்கூட்டி வாசிப்பது பழைய முறை, குழந்தைக்குச் சலிப்பூட்டும் என்று போகிற போக்கில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் ஐந்து வயதில் ஒரு படக்கதைப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டுவாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு 'குருவி' என்ற சொல்லை மட்டும் காட்டினேன். சற்றுத் திகைத்துவிட்டு, 'குயில்' என்றாள். அதுவரை அவள் செய்தது வாசிப்பே இல்லை, ஒப்பித்தல். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான்: தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று யோசி.

1967-இல் அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன், வாசிப்பு ஒருவகை ஊக விளையாட்டு என்று எழுதினார். அந்தக் கருத்து பல நாட்டு வகுப்பறைகளுக்குப் பரவியது. ஆனால் வாசிப்பவர்களின் கண் அசைவைப் பதிவுசெய்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. நன்றாக வாசிப்பவரின் கண் பெரும்பாலான சொற்களில் நின்றுதான் நகர்கிறது. ஊகத்தை அதிகம் நம்புவது வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைதான். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு என்று 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் அறிக்கை தந்தது.

இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு சோதனை வைக்கிறார்கள். 40 சொற்கள், அவற்றில் பாதி பொருளே இல்லாத, இட்டுக்கட்டிய சொற்கள். மனப்பாடமோ படமோ அங்கே கைகொடுக்காது. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்த பிள்ளையால்தான் சொல்ல முடியும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சரி, எழுத்துக்கூட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. 1986-இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழியறிவால் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். அதனால் கதை சொல்லுங்கள், உரக்க வாசித்துக் காட்டுங்கள், நிறையப் பேசுங்கள். அதையெல்லாம் காரணம் காட்டி எழுத்தை ஒதுக்கிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். சில பத்துச் சொற்களை உருவம் பார்த்தே நினைவில் வைத்துவிடலாம். அப்புறம் படமில்லாத பக்கங்கள் வரும். பிள்ளை திணறுவது அங்கேதான் வெளியே தெரிகிறது, அதுவும் தாமதமாக.

இதைப் படிக்கும் பெற்றோர் இன்று இரவே படத்தை மறைத்து ஒரு சொல்லைக் காட்டிப் பாருங்கள். தடுமாறினால் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்து, முதல் எழுத்திலிருந்து சேர்ந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்