செல்விக்கு, எடி ராபின்சனைப் பற்றி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். கோர்ட்டில் கோடு போடுவதிலிருந்து பிள்ளைகளுக்கு டீயும் பன்னும் வாங்குவதுவரை எல்லாம் உன் தலையிலேயே விழுகிறது, இதற்குப் பெயர் கோச் வேலையா என்று போனில் வருத்தப்பட்டாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எடி ராபின்சன் ஞாபகமாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துச் சிற்றூர் கிராம்ப்ளிங். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னக் கல்லூரி. 1941-ல் ராபின்சன் அங்கே கோச்சாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. குத்தகை விவசாயியின் மகன். அதுவரை தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலி. அவர் சொல்லிக்கொடுத்தது நம் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்க ஃபுட்பால்.

மைதானத்தில் புல் வெட்டியதும் அவர்தான், கோடு போட்டதும் அவர்தான். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால், வழியில் வெள்ளைக்காரர் ஓட்டல்களில் அந்தப் பையன்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் தன் கையாலேயே சாண்ட்விச் செய்து கட்டிக்கொண்டு போவார். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவதும் அவரே. அடுத்த வருஷமே, 1942-ல், ஆடிய 9 ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். எதிரணிக்கு ஒரு பாயின்ட்கூடக் கொடுக்கவில்லை!

1985-ல், அதுவரை கல்லூரி ஆட்டங்களில் அதிக வெற்றி கண்டிருந்த பேர் பிரையன்ட் என்ற கோச்சின் 323 வெற்றிகளைத் தாண்டினார். 1997-ல் ஓய்வு பெறும்போது கணக்கு 408. இருநூறுக்கும் மேற்பட்ட பையன்கள் அவரிடமிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். அவர்களில் டக் வில்லியம்ஸ், தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை 1988-ல் வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு மணி. காலையில் ஆஸ்டல் வராந்தாவில் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டே போய்ப் பையன்களை எழுப்புவாராம். பிராக்டிஸுக்கு இல்லை, வகுப்புக்கு. பட்டம் வாங்காமல் யாரும் வீடு திரும்பக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

கடைசி மூன்று சீசன் சரியாக அமையவில்லை, தோல்விதான் அதிகம். விலகச் சொல்லி நெருக்கினார்கள். 56 வருஷம் ஒரே கல்லூரியில் உழைத்த மனிதரிடம் அப்படி நடந்திருக்க வேண்டாம். ஆனால் அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? அதே டக் வில்லியம்ஸ்தான்.

கண்ணு, ஸோனல் மேட்சில் தோற்றதற்காக நீ அவ்வளவு கலங்க வேண்டாம். உன் டீமில் இரண்டு பிள்ளைகள் வகுப்புக்கே போவதில்லை என்றாயே, அதைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு வரும்போது யார் யாருக்கு எந்தப் பேப்பரில் அரியர் என்று எழுதிக் கொண்டுவா. கணக்குப் பேப்பர் என்றால் போனிலேயே சொல்லித்தருகிறேன் என்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா