“இப்படியே போனால் ஊசிதான்” என்று சொல்லும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வருடம் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு, பிறகு இன்சுலினுக்கு மாறியவன் நான். ஊசி போட ஆரம்பித்து 16 மாதம் ஆகிறது. இரவில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் மூன்று, ஆக ஒரு நாளைக்கு நான்கு.

மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ரிப்போர்ட்டை நீட்டும்போதெல்லாம் எனக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்று: “இப்படியே போனால் ஊசிதான்.” பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் பாடம் நடத்துகிற வாத்தியார் மாதிரி. நல்லெண்ணத்தில் சொன்னதுதான், தெரியும். ஆனால் அந்த வரி மனசில் என்னவாகப் பதிந்தது தெரியுமா? ஒழுங்காக இருப்பவனுக்கு மாத்திரை, ஒழுங்கு தவறியவனுக்கு ஊசி. அதனால் ஊசி எழுதிக்கொடுத்த அன்று எனக்கு வைத்தியம் ஆரம்பித்ததாகத் தோன்றவில்லை. தீர்ப்பு சொன்ன மாதிரி இருந்தது. வீட்டில்கூட இரண்டு நாள் சொல்லவில்லை.

இரண்டாம் வகை நீரிழிவில் வருடம் போகப் போகக் கணையம் இன்சுலின் சுரப்பது குறைந்துகொண்டே போகும், எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் பலருக்கு ஒரு கட்டத்தில் வெளியிலிருந்து கொடுத்தே ஆகவேண்டும். இதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாளே நீங்கள் சொல்லியிருக்கலாம். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள், பையன் தேறினான். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளுக்குப் பட்டினி போடுவதுதான் வைத்தியமாக இருந்தது. அப்படி வந்த மருந்தை நீங்களே பூச்சாண்டியாகக் காட்டலாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போடக் கற்றுக்கொடுத்தது ஏழு நிமிடம். இன்சுலின் பேனாவில் ஊசி மாட்டு, இரண்டு யூனிட் வெளியே விட்டுப் பார், அளவைத் திருப்பு, குத்து, அழுத்து, பத்து எண்ணிவிட்டு எடு. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பயந்த அளவுக்கு வலியும் இல்லை. நாலு மில்லிமீட்டர் ஊசி, எறும்புக்கடிகூட அதைவிட மோசம். விரலில் குத்தி ரத்தம் எடுப்பதுதான் வலிக்கிறது. (நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். இதையும் யாரும் சொல்லவில்லை.)

சொல்லாமல் விட்ட பெரிய விஷயம் இரண்டாவது வாரத்தில் வந்தது. உங்கள் பேச்சைக் கேட்டு அன்று சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் நடந்தேன். இரவு வழக்கமான அளவு ஊசி, வழக்கமான சாப்பாடு. ராத்திரி இரண்டே முக்காலுக்கு விழிப்பு வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, இந்த ஜென்மத்தில் சாப்பிட்டதே இல்லை என்கிற மாதிரி ஒரு பசி. மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். மீட்டரில் பார்த்தால் சர்க்கரை 49, ரொம்பவே இறங்கியிருந்தது. வீட்டிலிருந்த சாக்லேட் முழுவதையும் தின்றேன். நடுக்கம் நிற்கவில்லை. பிறகு கையில் அகப்பட்டதையெல்லாம் தின்றேன். காலையில் 287.

நடைப்பயிற்சியின் விளைவு அன்றோடு முடிவதில்லை, 24 மணி நேரம் வரைகூடச் சர்க்கரையை இறக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதும் தெரியாது. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது அதே அளவு சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதிக்கவேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, சர்க்கரையை ஏற்றுகிற குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும். இது நோயாளியோடு வீட்டில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். எல்லாம் சேர்ந்து எத்தனை நிமிடப் பேச்சு? மூன்று இருக்குமா?

அடுத்து நடந்ததில் என் தப்பும் உண்டு. நோட்டில் 287-ஐ எழுதினேன், 49-ஐ எழுதவில்லை. ஏற்கெனவே ஒழுங்கு தவறியவன் என்று பெயர் வாங்கியாயிற்று, ஊசியைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று இன்னொரு பெயர் எதற்கு என்று மறைத்தேன். மருத்துவர் 287-ஐப் பார்த்து, “சாப்பாட்டில் கட்டுப்பாடே இல்லை” என்று சொல்லி இரவு ஊசியில் நான்கு யூனிட் கூட்டினார். அவர் கையில் இருந்த எண்ணுக்கு அது நியாயமான முடிவுதான். மூன்றாம் நாள் மறுபடி 51. இந்தத் தடவை எழுதினேன். பயம் அவமானத்தை ஜெயித்துவிட்டது.

அப்புறம் வயிறு. குத்த வசதியான ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குத்தியதில் தோலுக்கடியில் மெத்தென்று ஒரு கட்டி. அங்கே வலிக்காது, அதனால் அங்கேயே குத்தத் தோன்றும். ஆனால் அதில் போட்ட மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. எண்கள் தாறுமாறாகப் போக, அளவு கூடிக்கொண்டே போனது. கடைசியில் கண்டுபிடித்தவர் ஒரு நர்ஸ். சட்டையைத் தூக்கச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். “இடத்தை மாற்றுங்கள், ஆனால் அதே அளவைப் போட்டுவிடாதீர்கள், சடாரென்று இறங்கிவிடும். டாக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அதுவரை என் ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் ஒருவரும் என் வயிற்றைப் பார்த்ததில்லை.

குப்பியும் சிரிஞ்சும் வாங்குகிறவர்களிடம் இன்னொரு வார்த்தை கூடுதலாகப் பேசுங்கள். ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்தை மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்சில் எடுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டாலும் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கூட்டம் எனக்கும் தெரியும். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அரைமணி நேரம் பேசுங்கள் என்று கேட்கவில்லை. அந்த ஏழு நிமிடத்தை வேறு மாதிரி பிரியுங்கள் என்கிறேன். குத்துவதற்கு நான்கு நிமிடம் போதும். மீதி மூன்றில், “ராத்திரி வேர்த்து எழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று நோயாளியிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அப்படியே, குறைந்த எண்ணையும் எழுதிக்கொண்டு வாருங்கள், திட்டமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

வரும் வாரம் எனக்கு மறுபரிசோதனை. நோட்டில் போன செவ்வாய்க்கிழமை 58 என்று இருக்கிறது, சிவப்பு மையில்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்