நாலு மில்லிமீட்டர்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்பு. திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். உன் முழங்காலுக்கு அந்தத் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காதே, எலும்பு டாக்டரைப் பார்த்துவிடு. துரைசாமி மகள் கல்யாணத்துக்கு நீ வராததற்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன், அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். போன மாதம் அப்பா கடையை அடைத்துவிட்டார்.

பார்வை போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியும் ஒரு நாள்கூடக் கடை திறக்காமல் இருந்தவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். மிளகாய் எந்த டின், புளி எந்தப் பானை, கல்லாப்பெட்டியில் எந்தக் குழியில் எந்தக் காசு, எல்லாம் கைக்குத் தெரியும். அன்றைக்கு மேட்டு வீட்டு அக்கா 500 ரூபாய் கொடுத்து 260 ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருக்கிறார். மீதி 240. அப்பா இரண்டு இருபதும் ஒரு இருநூறும் எண்ணிக் கொடுத்தார். இருநூறு என்று அவர் நினைத்தது ஐநூறு. அந்த அக்கா நல்லவர், சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அப்பா வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சாவியை என் மேஜைமேல் வைத்தார். "ஆள் ஏமாத்துனா பரவால்லடா. நோட்டே ஏமாத்துது" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. முப்பத்தோரு வருடம் டூல்ரூமில், அச்சும் கருவியும் செய்யும் இடத்தில், நின்றவன் நான். ஒரு பொருள் செய்த விதத்திலேயே கோளாறு இருக்கிறது என்று யாராவது சொன்னால் வெர்னியரைத் தேடத்தான் தோன்றும். தேடி எடுத்து வீட்டிலிருந்த நோட்டுகளை எல்லாம் அளந்தேன்.

நூறு 142 மில்லிமீட்டர். இருநூறு 146. ஐநூறு 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், 66. ஒரு நோட்டுக்கும் அடுத்ததற்கும் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு மிளகின் அளவு! பழைய வரிசையில் நூறு 157, ஐநூறு 167, ஆயிரம் 177. பத்துப் பத்தாக ஏறிக்கொண்டு போகும். அப்பா பார்வை போன புதிதில் கற்றுக்கொண்டது அந்தப் பத்தைத்தான். நடுவிரல் நுனியில் ஒரு ஓரத்தை வைத்து மணிக்கட்டில் மறு ஓரம் எங்கே வருகிறது என்று பார்ப்பார். 2016 நவம்பருக்கு அப்புறம் அந்தப் பாடம் போயிற்று. இதில் இன்னொரு கூத்து, பழைய நூறு இன்னும் செல்லும். 157 நீளமுள்ள பழைய நூறு, 150 நீளமுள்ள புது ஐநூறைவிடப் பெரியது. பழைய ஐம்பது 147, புது இருநூறைவிட ஒரு மில்லிமீட்டர் நீளம். பெரிய நோட்டு பெரிய மதிப்பு என்று எதை வைத்துச் சொல்வது?

செய்தவர்கள் விரலை நினைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூறில் ஒரு முக்கோணம், ஐநூறில் ஒரு வட்டம் மேலெழும்பி நிற்கும். ஓரங்களில் சாய்ந்த கோடுகள், நூறுக்கு நாலு, ஐநூறுக்கு ஐந்து. இருநூறுக்கும் நாலுதான், ஆனால் நடுவில் இரண்டு சின்ன வட்டம் இருக்கும். காந்தி படம், அசோகத் தூண், எல்லாமே தடவினால் தட்டுப்படும். அது எப்படி எழும்பி நிற்கிறது என்று படித்தபோது எனக்கு மெய்யாகவே ஆனந்தமாக இருந்தது. சாதாரண அச்சில் மை காகிதத்தின்மேல் படியும், அவ்வளவுதான். இதிலே தகட்டில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கிறார்கள். மையைப் பூசி, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். காகிதத்தை அதன்மேல் வைத்துப் பலமாக அழுத்தினால் காகிதமே பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். நாம் தடவுவது மேடாக நிற்கும் மையையும் அதன் அடியில் புடைத்த காகிதத்தையும். நாசிக்கில் 1928இலிருந்து நோட்டு அச்சடிக்கிறார்கள், அதற்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இப்போது தேவாஸ், மைசூர், வங்காளத்தில் சால்போனி என்று மொத்தம் நாலு இடம்.

சண்முகம், இதில் உன் பங்கு ஒன்று இருக்கிறது. நோட்டு மரக்கூழ் இல்லை, முழுக்கப் பருத்தி. அதிலும் உங்கள் நூல் ஆலையில் பஞ்சைச் சீவும் கோம்பரில் நீங்கள் கழித்துப் பேல் கட்டி அனுப்புவீர்களே, அந்தக் குட்டை இழைதான் ரூபாய்க் காகிதத்துக்குப் போகிறது. நூலுக்கு ஆகாத இழை! கோம்பர் வேஸ்ட் குறையவில்லை என்று சூப்பர்வைசரிடம் நீ வாங்கிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த இழையை வேகவைத்து அடித்துக் கூழாக்கி, கம்பி வலை சுற்றிய ஒரு உருளை அதில் பாதி மூழ்கிச் சுழலும்படி விடுகிறார்கள். வலையில் காந்தி முகம் மேடும் பள்ளமுமாக அமுக்கியிருக்கும். பள்ளத்தில் கூழ் தடிமனாகவும் மேட்டில் மெல்லியதாகவும் படியும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீரோட்ட உருவம் அதுதான். மையே கிடையாது. நோட்டில் மின்னும் அந்தப் பச்சைப் பாதுகாப்பு இழை ஈரக் காகிதத்துக்குள்ளேயே நெய்த மாதிரி போய்விடுகிறது. மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1968இல் ஆரம்பித்த ஆலையும் மைசூரில் இருக்கும் ஆலையும் இந்தக் காகிதத்தைச் செய்கின்றன. பருத்தி என்பதால்தான் சட்டைப் பையில் துவைத்தாலும் பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் பருத்தி நைந்துபோகும். புது நோட்டு கஞ்சி போட்ட வேட்டி மாதிரி இருக்கும். மளிகைக் கடைக்கு வரும் நோட்டு எண்ணெய், வியர்வை, மீன்காரி மடி எல்லாம் பார்த்து வருவது. கண்ணை மூடிக்கொண்டு நானே தடவிப் பார்த்தேன். புது நோட்டில் முக்கோணம் கிடைத்தது. பழையதில் ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் வெற்றிலைக் கட்டு அறுத்த அப்பா விரலுக்குப் புதியதிலேயே சந்தேகம்தான். எழும்பிய மை தேய்ந்தபின் மிச்சம் இருப்பது நீளம் ஒன்றுதான், அந்த நீளத்திலும் நாலு மில்லிமீட்டர். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மைக்கு ஆயுள் உண்டு, நீளத்துக்கு இல்லை. தேயாத அடையாளத்தை அல்லவா பெரிதாக வைத்திருக்க வேண்டும்? இதற்காகப் பார்வையற்றோர் சங்கம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020இல் ஒரு செயலி விட்டிருக்கிறது, நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். நல்ல காரியம். ஆனால் எண்பத்து நாலு வயதில், கடையில் நாலு பேர் நிற்கும்போது, ஒவ்வொரு நோட்டையும் போனில் காட்டிக்கொண்டிருக்க முடியுமா?

நம் சின்ன வயதுக் காசுகளை நினைத்துப் பார். அஞ்சு பைசா சதுரம். பத்து பைசா பூ மாதிரி வளைவு வளைவாக. அப்புறம் வந்த இருபது பைசா ஆறு மூலை. இருட்டில் டிரவுசர் பையில் கைவிட்டாலே எந்த மிட்டாய் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். தொண்ணூறுகளில் வந்த இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கம். அப்பாவுக்கு அந்தக் காசுமேல் தனி மரியாதை, "கையில விழுந்ததும் பேர் சொல்லும்" என்பார்.

காசு செய்வது என் தொழிலுக்குப் பக்கத்து வேலை, அதனால் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தகட்டைப் பிரஸ்ஸில் வெட்டினால் வெறும் வில்லை. உலையில் போட்டுப் பதம் இறக்கி, அழுக்கெடுத்து, விளிம்பை உருட்டி மேடாக்கிய பிறகுதான் அடிக்கக் கொடுப்பார்கள். மேலே உருவம் வெட்டிய ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றிலும் ஒரு வளையம். ஒரே அடி. உலோகம் களிமண் மாதிரி ஓடி மூன்றிலும் நிறைந்துகொள்ளும். விளிம்பில் இருக்கும் பல் பல்லான கோடுகளை அந்த வளையம்தான் கொடுக்கிறது. பத்து ரூபாயில் வெளி வளையம் வேறு, நடு வில்லை வேறு. பற்றவைப்பதே இல்லை, அதே அடியில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்கின்றன! அந்தப் பொருத்தத்தை நான் நகத்தால் எத்தனை தரம் தடவிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஊரெல்லாம் பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று வாங்க மறுத்த காலத்திலும் அப்பா வாங்கினார். பதினாலு விதமான டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவிக்கும் முன்பே, அந்த வளையம் தட்டுப்பட்டால் போதும் அவருக்கு.

ஆண்டுக்குக் கீழே பார், நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, வைரக் குறி இருந்தால் மும்பை, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. இது உன் பேரனுக்கு.

2019இல் பார்வையற்றோருக்காகவே என்று புது வரிசைக் காசு வந்தது. அகமதாபாத் வடிவமைப்பு நிறுவனம் செய்து கொடுத்தது. ஒன்று 20 மில்லிமீட்டர், இரண்டு 23, ஐந்து 25, பத்து 27. மதிப்பு ஏற ஏற அளவும் எடையும் ஏறும். இருபதும் 27தான், ஆனால் பன்னிரண்டு பக்கம். அருமையான யோசனை, மனதார வாழ்த்தினேன். சிக்கல் என்னவென்றால், 2011 வரிசையும் கூடவே புழங்குகிறது. அதில் இரண்டு ரூபாய் 25, ஐந்து ரூபாய் 23. அப்படியே தலைகீழ்! பழைய இரண்டு புது ஐந்தின் அளவு, பழைய ஐந்து புது இரண்டின் அளவு. இரண்டு வரிசையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை இல்லை. ஒரே கல்லாவில் சேர்ந்து விழும்போதுதான் குழப்பம்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேள். பழைய பட்டறைக்குப் போய் ஒரு துண்டு அலுமினியத் தகடு வாங்கி வந்தேன். 66 அகலத்துக்கு ஒரு காடி எடுத்து, ஒரு முனையில் தடுப்பு வைத்து, மறு பக்கம் புதுப் பத்திலிருந்து ஐநூறு வரை 123, 129, 135, 142, 146, 150 என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வெட்டு போட்டேன். பிசிறெல்லாம் அரத்தால் ராவி விட்டேன். நோட்டை வைத்துத் தடுப்பில் முட்டினால், மறு ஓரம் எத்தனையாவது வெட்டில் நிற்கிறது என்று விரல் சொல்லிவிடும். பழைய ஐம்பதும் நூறும் 73 அகலம், காடியில் நுழையவே நுழையாது. காசுக்கு ஒரு காந்தமும் ஒட்டி வைத்தேன். இரண்டு ரூபாய் எஃகு, காந்தத்தில் ஒட்டும். ஐந்து நிக்கல் பித்தளை, ஒட்டாது.

அப்பா தகட்டை மடியில் வைத்து அரைமணி நேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நோட்டைக் கேட்டார். வைத்துப் பார்த்துவிட்டு, "இது காடியில ஆடுது. அம்பதுன்னு காட்டும், ஆனா பழைய பத்து" என்றார். பழைய பத்துக்கு அகலம் 63 என்பதை நான் யோசிக்கவே இல்லை! காந்தத்தை மட்டும் பிய்த்துக் கையில் கொடுத்துவிட்டார். "அஞ்சுலயும் எஃகு வந்திருக்குடா, 2007ல. இது ஏமாத்தும்" என்றார். கல்லா ஓரத்துக் கடப்பைக் கல்லில் காசுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். எஃகுக்கு ஒரு குரல், பித்தளைக்கு ஒரு குரல். எஃகு ஐந்தா, எஃகு இரண்டா என்று சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் ஏந்தி கனம் பார்க்கிறார். ஆறு கிராமுக்கும் நாலு கிராமுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் பெரிய வித்தியாசம்.

திங்கள்கிழமை கடை திறந்தார். தகட்டைக் கல்லாவுக்குள் ஆணியில் மாட்டியிருக்கிறார். மேட்டு வீட்டு அக்காதான் முதல் போணி.

அப்பாவுக்குப் பன்னிரண்டு பக்க இருபது ரூபாய்க் காசு ரொம்பப் பிடித்திருக்கிறது, இரண்டு நோட்டுக்குப் பதில் இரண்டு காசாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். இங்கே கிடைப்பது அரிதாக இருக்கிறது. உன் ஊர் பாங்கில் கேட்டுப் பார், கிடைத்தால் ஐம்பது காசு வாங்கி வை. ஆவணி முதல் வாரம் நீ வருவதாக எழுதியிருந்தாய், அப்போது கொண்டு வா. அந்த ஐயாயிரம் தறிப் பழங்கதையை அப்பாவிடம் மறுபடி ஆரம்பிக்காதே, ராத்திரி தூங்க மாட்டார்.

உன்,
வேலு