கண்ணாடியைத் தாண்டாத வெயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தாடி ஓணான் (bearded dragon) வளர்ப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரை, சுத்தம், கையில் பழக்கும் விதம் எல்லாவற்றையும் பொறுப்போடு எழுதியிருந்தார்கள். ஆனால், தொட்டியை ஜன்னலோரம் வைத்து மேலே ஒரு பல்பைப் போட்டுவிட்டால் போதும் என்ற அந்த ஒரு வரியைக் கடந்து போக என்னால் முடியவில்லை. ஏறத்தாழ இதே யோசனையை நம்பித்தான் என் முதல் ஓணானைப் பறிகொடுத்தேன்.

குட்டியாக வாங்கியபோதே, வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லி ஒரு பல்பையும் விற்றார்கள். தொட்டி பகலெல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. சில மாதங்களில் அதன் விரல்கள் துடிக்கத் தொடங்கின. பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் வயிற்றால் தேய்த்து நகர்ந்தது. மருத்துவர் அதன் தாடையை மெல்ல அழுத்திப் பார்த்தார். ரப்பர் போல வளைந்தது. எலும்பு நலிவு நோய். இரையில் கால்சியம் தூவித்தானே கொடுத்தேன் என்று கேட்டேன். அவர் இரையைப் பற்றி மேற்கொண்டு பேசாமல், என்ன விளக்கு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

வயிற்றுக்குள் போன கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். சூரிய ஒளியில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா பி (UVB) கதிர் படும்போதுதான் ஓணானின் தோலில் அதன் முன்வடிவம் உருவாகிறது. அது முழு வைட்டமினாக மாறுவதற்கு உடற்சூடும் வேண்டும். கதிர் இருந்து சூடு குறைந்தாலும் கேடு, சூடு இருந்து கதிர் இல்லாவிட்டாலும் கேடு. டி3 குறைந்தால் உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். வெறும் பல்பு சூட்டையும் வெளிச்சத்தையும் தரும், இந்தக் கதிரைத் தராது. நம் கண்ணுக்கு வெயிலும் பல்பும் ஒரே வெளிச்சமாகத் தெரிவதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறோம்.

ஜன்னலோரம் என்ற யோசனையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஜன்னல் வழியே விழும் வெயிலில் ஓணான் நாள் முழுக்கக் கிடந்தாலும் அதன் எலும்புக்குப் பயனில்லை. சூடு மட்டும் தடையின்றி உள்ளே வரும். நேர் வெயில் படும் கண்ணாடித் தொட்டி சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும், ஒதுங்க நிழலும் இருக்காது.

இந்த ஓணான் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது. காலையில் உடலைத் தட்டையாக்கி, நிறத்தைக் கறுக்கவிட்டு வெயில் காயும். போதுமான சூடு ஏறியதும் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும், பிறகு நிழலுக்கு நகரும். தன் உடற்சூட்டை இப்படி நடந்து நடந்தே சரிசெய்துகொள்ளும் உயிர் அது. ஆகவே தொட்டியின் ஒரு முனையில் வெயில் காயும் கல்லோ கட்டையோ மேற்பரப்பில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், மறுமுனை 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். வளர்ந்த ஓணானுக்கு நான்கு அடி நீளத்துக்குக் குறைந்த தொட்டியில் இந்த வேறுபாட்டைக் கொண்டுவருவது கடினம். தொட்டிச் சுவரில் ஒட்டும் வெப்பமானி அருகிலுள்ள காற்றின் சூட்டைத்தான் காட்டும். ஓணான் படுக்கும் இடத்தின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். அங்கே சூடு போதாவிட்டால் தின்ற இரைகூடச் செரிக்காது.

புற ஊதா விளக்கைப் பொறுத்தவரை, சுருள் பல்பைவிட டி5 (T5) எனப்படும் நீளமான, மெல்லிய டியூப் விளக்கையே நான் நம்புகிறேன். தொட்டி நீளத்தில் பாதிக்குக் குறையாமல், சூடு விளக்கின் பக்கத்திலேயே, தலைக்கு மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் கதிர் நேராகக் கண்ணில் அடிக்கும். நடுவே கண்ணாடி மூடி கூடாது. நெருக்கமான கம்பிவலைகூடக் கதிரில் கணிசமான பங்கைக் குறைத்துவிடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் தூரத்தைவிட அருகே கொண்டுபோனால் கண் புண்ணாகும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, டியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் புற ஊதா வீச்சு மாதங்கள் போகப் போகத் தேய்ந்துவிடும். கதிரை அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும். நான் மாட்டிய தேதியை டியூபின் முனையிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

கட்டுரையாளர் பரிந்துரைத்த சூடேறும் செயற்கைக் கல்லையும் நான் ஏற்கவில்லை. இந்த உயிருக்குச் சூடு மேலிருந்து வர வேண்டும். அடியில் கல் அளவுமீறிச் சுட்டாலும் சில ஓணான்கள் அகலாமல் கிடந்து வயிற்றைப் பொசுக்கிக்கொள்கின்றன. இரவில் சிவப்பு பல்பும் வேண்டாம். அந்த வெளிச்சம் அதற்கு நன்றாகவே தெரியும், உறக்கம் கெடும். பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரிந்த பின் எல்லா விளக்கும் அணைந்துவிட வேண்டும். அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் ஒளி தராத பீங்கான் சூடேற்றியை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் போடலாம்.

என் இரண்டாவது ஓணானுக்கு இப்போது ஐந்து வயது. நான்கு காலையும் ஊன்றி, தலையை நிமிர்த்திக் கட்டைமேல் ஏறுகிறது. முதல் ஓணான் ஒரு நாளும் அப்படி ஏறியதில்லை.

தங்கள் இதழை நம்பிப் புதிதாக ஓணான் வாங்கியவர்கள் இருப்பார்கள். ஜன்னல், ஒற்றைப் பல்பு பற்றிய அந்த வரிக்கு அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி