அந்தக் கம்பிய திருப்பிக் குடுத்துரு

பாப்பா, நேத்து நீ போன வெச்ச அப்புறம் எனக்கு தூக்கமே வரல. நீ ரெண்டு விஷயம் சொன்ன. டிராயிங் பேப்பர் குடுத்தா உன் கிளாஸ் ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பசங்க ஸ்பைடர்மேனும் ஃபுட்டி (இந்த ஊரு ஃபுட்பால்) ஜெர்சியும்தான் வரையறாங்க, அவங்க கல்ச்சர்ல அவங்களுக்கே இன்ட்ரெஸ்ட் இல்லன்னு ஒண்ணு. ரிசஸ்ல ஒரு பொண்ணு வளைஞ்ச கம்பிய வெச்சு மண்ணத் தட்டிக்கிட்டே இருந்தா, யார் கண்ணுலயாவது குத்திடப் போகுதுன்னு வாங்கி டிராயர்ல வெச்சுட்டேன்னு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே விஷயம்தான் கண்ணு, அதான் உக்காந்து எழுதறேன்.

அது சும்மா கம்பி இல்ல. பிட்ஜன்ஜாரா பாஷைல மில்பாட்ஜுனன்யின்னு சொல்வாங்க, மண்ண கையால நீவி விட்டு, கம்பியாலயோ குச்சியாலயோ தாளம் மாதிரி தட்டிக்கிட்டே கதை சொல்லி விரலால வரையறது, ஒரு சீன் முடிஞ்சா அழிச்சிட்டு அடுத்தது. நம்ம ‘ப’ மாதிரி ஒரு வளைவு போட்டா அது உக்காந்திருக்கற ஆளு. பொண்ணுங்க பாட்டி, அம்மாகிட்ட பாத்துப் பாத்து கத்துக்கறது. என் டயாலிசிஸ் வார்டுல ஒரு பாட்டி இருந்தாங்க, ஒரு கைல ஊசி, அசைக்க முடியாது, இன்னொரு கை விரலால போர்வை மேல வரைஞ்சு பேத்திக்கு கதை சொல்லிக்கிட்டே இருப்பாங்க, நாலஞ்சு மணி நேரம் எப்படிப் போச்சுன்னே தெரியாது.

இங்க ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இருந்து 240 கிலோமீட்டர் தள்ளி பாபுன்யா இருக்கில்ல, 1971ல ஜெஃப்ரி பார்டன்னு ஒரு டிராயிங் வாத்தியார் அங்க வந்தாரு. அவர் கிளாஸ்லயும் இதே கததான், உள்ள உக்காந்தா பசங்க கவ்பாய் படம் வரைஞ்சாங்க, வெளிய போனா மண்ணுல விரலால அவங்க கோடும் வளையமும். அவரு அதைப் பாத்தாரு பாப்பா, அதான் பெரிய விஷயம். அப்புறம் ஸ்கூல் சுவத்துல வரைய பெரியவங்கதான் வந்தாங்க, அதுல சிலபேரு அதே ஸ்கூல் வளாகத்துல எடுபிடி வேலை பாத்துக்கிட்டு இருந்தவங்க. யோசிச்சுப் பாரு, அந்த ஊரு கதையெல்லாம் தெரிஞ்சவங்க வாசல்லயே வேலை செஞ்சிருக்காங்க, ஒருத்தரும் உள்ள வாங்கன்னு கூப்பிடல. அவங்க தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணி, காபா ஜம்பிஜின்பாங்கறவர் முன்ன நின்னு, தேன் எறும்பு ட்ரீமிங்க, அதான் அந்த மண்ணோட ஆதிக் கதைய, வரைஞ்சாங்க, ஏன்னா பாபுன்யா தேன் எறும்போட இடம். 1972ல அவங்களே சேந்து பாபுன்யா டூலான்னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சாங்க.

அந்தச் சுவத்த 1974ல பெயின்ட் அடிச்சு மூடிட்டாங்க. மெயின்டெனன்ஸாம். எனக்கு இன்னும் ஆறல.

அதனால உன் ஸ்கூல்ல சுவத்துல கல்ச்சர் பெயின்டிங் போடணும்னு சொன்னாங்கன்னா, நீயா காட்டன் பட்ஸ் குடுத்து புள்ளி வைக்கச் சொல்லாத. நீ மூணாங்கிளாஸ்ல பேப்பர் பிளேட்ல புள்ளி வெச்சு ஒரு பல்லி கொண்டுவந்த, ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருந்தேன், வீட்டுக்கு வந்த என் வார்டு அக்கா ஒருத்தங்க பாத்துட்டு ‘இது யாரோட கதை’ன்னு மெதுவா கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல. நம்ம கோலத்துல புள்ளி, கோட்டுக்கு வழி காட்டும். பாபுன்யால ஆரம்பத்துல வெளியாளுங்க பாக்கக் கூடாததெல்லாம் அவங்க வரைஞ்ச பலகைல வந்து பெரிய மனஸ்தாபம் ஆச்சு, அப்புறம் புள்ளி அதை மறைக்கவும் உதவுச்சு. எந்தக் கதைய யாரு வரையலாம்ங்கறதுக்கு அவங்களுக்கு சட்டம் இருக்கு, அது டீச்சர் கைல இல்ல.

இதெல்லாம் படிப்புக்கு எக்ஸ்ட்ரான்னு யாராவது சொன்னா 2000ல நடந்தத சொல்லு. கின்டோர், கிவிர்குரான்னு ரெண்டு பாலைவன ஊர் ஜனங்க வரைஞ்ச பெயின்டிங்க சிட்னில ஏலம் விட்டு பத்து லட்சம் டாலருக்கு மேல சேத்தாங்க, டயாலிசிஸுக்காக சொந்த மண்ண விட்டு ஆலிஸ்ல கெடந்து தவிச்சவங்க ஊர் திரும்பணும்னு. அந்தக் காசுலதான் கின்டோர்ல மெஷின் வந்துச்சு.

ஃபுட்டி ஜெர்சி வரைஞ்சா வரையட்டும், அதுவும் அவங்களோடதுதான். ஆனா திங்கக்கிழமை முதல் வேலையா கம்பிய குடுத்துரு, சாரி சொல்லிக் குடு. யார்கிட்ட கத்துக்கிட்டன்னு கேளு. சொன்னான்னா அந்தப் பாட்டி வீட்டுக்கு நீயே போ, ஸ்கூலுக்கு வருவாங்களான்னு அசிஸ்டன்ட் டீச்சர் மூலமா கேளு, வந்தா அவங்களுக்கு சம்பளம் உண்டான்னு பிரின்சிபால்கிட்ட முன்னாடியே பேசிக்கோ.

அடுத்த வாரம் உங்க பக்கம் வர்ற வண்டில உன் தொப்பியும் முறுக்கும் குடுத்து அனுப்பறேன். உப்பு கம்மியா சுட்டது தனி டப்பால இருக்கு, அது அந்தப் பாட்டிக்கு.

அம்மா