அந்தப் பூஜ்ஜியத்தைத் தமிழில் எழுதுங்கள்

ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தாருக்கும், திருநெல்வேலி வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பைக், ஸ்கூட்டர் பாலிசிகள் தினமும் என் கைக்கு வருகின்றன. நாலாக மடித்து, சீட்டுக்கு அடியில் கிடந்து, மடிப்பில் எழுத்து அழிந்த தாள்கள். போலீசாரிடம் காட்டத்தான் இது என்று விற்றவரும் நினைக்கிறார், வாங்கியவரும் நினைக்கிறார்.

போன மாதம் கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். வாழைத்தோட்டத்துக்குப் போன கணவர் வண்டி சறுக்கி விழுந்து இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பாலிசியை எடுத்து வந்திருந்தார். "அண்ணாச்சி, இதில் எங்களுக்கு எவ்வளவு வரும்?"

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வண்டி உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு என்ற இடத்தில் பூஜ்ஜியம். கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், தமக்கு ஏற்கெனவே 15 லட்சத்துக்கு வேறு விபத்துக் காப்பீடு இருப்பதாகக் கணவர் உறுதி சொன்னதாக ஒரு வரி. அப்படியொன்றை அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது?

வண்டி உரிமையாளருக்கான அந்த விபத்துக் காப்பீட்டுத் தொகையை 2018இல் 15 லட்சமாக உயர்த்தியது ஆணையம்தான். அன்று அதற்கு ஆண்டுக் கட்டணம் 750 ரூபாய். வேறு காப்பீடு வைத்திருப்பவர் இரண்டாவது முறை கட்ட வேண்டாம் என்று பின்னர் விலக்கு தந்தீர்கள், அதுவும் நியாயமே. ஆனால் எங்கள் பக்கம் அந்த விலக்கு, கட்டணத்தைக் குறைத்துக் காட்டி பாலிசி விற்கும் வழியாகிவிட்டது. வண்டிக்காரர் வாசிக்க முடியாத வரிக்கு ஏஜெண்ட் டிக் அடித்துவிடுகிறார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கேட்பது மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டி மோதியவருக்கு அது ஈடு தரும்; தானாகச் சறுக்கி விழுந்தவருக்குத் தராது. வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால், பின்னால் அமர்ந்து வருபவருக்கும் இல்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கணவருக்குப் பின்னால் அமர்ந்து பாபநாசம் போகிற பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆணையத்தாரே, இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு, பின்னால் இருப்பவருக்கு உண்டா இல்லையா என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் தமிழில் அச்சிட வையுங்கள். விலக்கு கேட்பவர் தம்முடைய மற்ற பாலிசியின் எண்ணைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். எண் இல்லையேல் விலக்கும் இல்லை என்று ஆணையிடுங்கள்.

போக்குவரத்து அலுவலர்களே, வண்டிப் பதிவுக்கும் பெயர் மாற்றத்துக்கும் காப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குகிறீர்கள். தேதியைப் பார்க்கும்போது அந்தப் பூஜ்ஜியத்தையும் பாருங்கள். இருந்தால், வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.